கணக்கு சரி, விடை தப்பு: சி நிரலில் மாறிகளின் வரையெல்லையும் ஆயுளும் தரும் பிழைகளைக் கண்டுபிடிப்பது

நிரல் ஓடுகிறது, விடை தப்பாக வருகிறது. கூட்டல் கழித்தலைப் பத்து முறை சரிபார்த்தாயிற்று, அதில் குற்றம் இல்லை. இந்த நிலையில் நான் முதலில் சந்தேகப்படுவது மாறிகளைத்தான். ஒவ்வொரு மாறியிடமும் இரண்டு கேள்வி கேட்பேன். இந்தப் பெயர் எந்த வரியிலிருந்து எந்த வரி வரை செல்லும்? இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் நினைவக இடம் எப்போது பிறக்கிறது, எப்போது கைவிட்டுப் போகிறது? முதல் கேள்விக்கான விடை வரையெல்லை, அதாவது ஸ்கோப். இரண்டாவதற்கான விடை ஆயுள்.

சாதாரண லோக்கல் மாறிக்கு இரண்டும் ஒரே அடைப்புக்குறியில் முடிந்துவிடுவதால், இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் மனதில் பதிந்துவிடுகிறது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த எண்ணத்திலிருந்து கிளம்பியவை.

உதாரணத்துக்கு ஒரே நிரலை வைத்துக்கொள்வோம். ஒரு பால் சொசைட்டிக் கணக்கு: உறுப்பினர் பெயர், ஊற்றிய லிட்டர், நாள் மொத்தம். நிரலை வரிவரியாகக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் சொல்கிறேன். உங்கள் நிரலில் அதே இடத்தைத் தேடிப் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒரு வேலை. ஜிசிசி, கிளாங் போன்ற சி கம்பைலரில் கம்பைல் செய்யும்போது "டபிள்யூ-ஆல்", "டபிள்யூ-எக்ஸ்ட்ரா", "டபிள்யூ-ஷேடோ" என்ற மூன்று எச்சரிக்கை விருப்பங்களையும் சேருங்கள், கூடவே நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷனுக்காக "ஓ2" கொடுங்கள். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் ஜிசிசியின் சில எச்சரிக்கைகள் வெளியே வரவே வராது. அப்புறம் வரும் வார்னிங் ஒவ்வொன்றையும் படியுங்கள்.

மாறியை மேலே எழுதியிருக்கிறேன், கம்பைலர் "அன்டிக்ளேர்ட்" என்கிறது

இது எளிய நோய். மாறியை ஏதோ ஒரு அடைப்புக்குறிக்குள் அறிவித்து, அது மூடிய பிறகு பயன்படுத்துகிறீர்கள். ஃபார் லூப்பின் தலைப்பிலேயே அறிவித்த எண்ணி, லூப் முடிந்ததும் செல்லாது.

இதில் மாணவர்களைக் குழப்பும் ஒரு பழைய கதை உண்டு. லூப் தலைப்பில் மாறியை அறிவிக்கும் வசதி சி மொழிக்கு சி99 தரத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய சி++ கம்பைலர்கள் சில, டர்போ சி++ உட்பட, அப்படி அறிவித்த எண்ணியை லூப்புக்கு வெளியேயும் செல்ல விட்டன. அந்தக் காலத்து லேப் நோட்டிலிருந்து எடுத்த நிரல் இன்றைய கம்பைலரில் இடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். லூப் எந்த எண்ணில் நின்றது என்பது பிறகும் வேண்டுமென்றால் எண்ணியை லூப்புக்கு மேலே அறிவியுங்கள். வேண்டாமென்றால் உள்ளேயே இருக்கட்டும், அதுதான் நல்லது.

மொத்தம் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது

லூப்புக்கு மேலே மொத்தம் என்று ஒரு மாறி, தொடக்க மதிப்பு பூஜ்ஜியம். உள்ளே லிட்டரைக் கூட்டுகிறீர்கள். கடைசியில் அச்சிட்டால் பூஜ்ஜியம்.

உள்ளே கூட்டும் வரியின் முன்னால் "இன்ட்" அல்லது "ஃப்ளோட்" என்று கை தவறி எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். அந்த ஒரு சொல் போதும், அதே பெயரில் இன்னொரு மாறி பிறந்துவிடும். உள்ளே இருப்பது வெளியே இருப்பதை மறைக்கும். நீங்கள் கூட்டியதெல்லாம் உள்ளே இருப்பதற்குப் போய், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அதோடு சேர்ந்து மறைந்திருக்கும்.

இதன் மோசமான வடிவம் "இன்ட் மொத்தம் = மொத்தம் + லிட்டர்" என்ற வரி. வலப்பக்கம் இருப்பது வெளி மாறி என்று படிப்பவர் நினைப்பார். சி விதிப்படி, பெயரை அறிவித்த அந்த நொடியிலிருந்தே, சமக்குறி வரும் முன்பே, புதிய மாறியின் வரையெல்லை தொடங்கிவிடுகிறது. எனவே வலப்பக்கம் இருப்பதும் புதிய மாறிதான், இன்னும் மதிப்பே பெறாத மாறி. வெளி மொத்தம் அப்படியே பூஜ்ஜியத்தில் நிற்கும், உள்ளே அச்சிட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு குப்பை எண் வரும்.

இப்படி மறைப்பது மொழி அனுமதிக்கும் செயல்தான். அதனால் "டபிள்யூ-ஆல்" இதைச் சொல்லாது, "டபிள்யூ-எக்ஸ்ட்ரா"வும் சொல்லாது. "டபிள்யூ-ஷேடோ" என்று தனியாகக் கேட்டால்தான் சொல்லும். புதிதாகத் தொடங்கும் எந்த நிரலிலும் முதல் நாளே அதைப் போடுங்கள். பத்தாயிரம் வரி ஆன பிறகு போட்டால் வரும் எச்சரிக்கைக் குவியலைப் பார்த்துவிட்டு நீங்களே அணைத்துவிடுவீர்கள்.

ஃபங்ஷனுக்குள் மாற்றினேன், மெயினில் மாறவில்லை

ஃபங்ஷனின் அளவுருவும் லோக்கல் மாறிதான். அழைக்கும்போது மதிப்பு நகலாகிறது, திரும்பும்போது நகல் அழிகிறது. மூல மாறியை மாற்ற வேண்டுமென்றால் அதன் முகவரியைக் கொடுங்கள். புதிய மதிப்பு ஒன்றே ஒன்று என்றால் அதைத் திருப்பி அனுப்பி, அழைத்த இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். எந்த மாறி எங்கே மாறுகிறது என்பது அழைக்கும் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு நாள் சரியான விடை, மறுநாள் குப்பை

இதற்காக நான் தூக்கமில்லாமல் கழித்த இரவுகள் உண்டு. விடை தப்பாக வரும். என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு பிரின்ட்எஃப் வரியைச் சேர்ப்பேன், உடனே சரியாகிவிடும். அதை எடுத்தால் மறுபடி தப்பு. உங்கள் நிரலும் இப்படி நடந்தால், மதிப்பு கொடுக்காமல் விட்ட லோக்கல் மாறியைத்தான் முதலில் தேட வேண்டும்.

குளோபல் மாறிகளுக்கும் ஸ்டேடிக் மாறிகளுக்கும் நீங்கள் மதிப்பு தராவிட்டால் சி மொழியே பூஜ்ஜியம் வைத்துவிடும். சாதாரண லோக்கல் மாறிக்கு அப்படி யாரும் செய்வதில்லை. அது ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன் ஓடும்வரை அதன் மாறிகளுக்கு இடம் தரும் நினைவகப் பகுதியில், ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. முன்பு அங்கே ஓடிய வேறொரு ஃபங்ஷன் விட்டுப்போன மிச்சம் அங்கேயே கிடக்கும். மிச்சம் பூஜ்ஜியமாக இருந்த நாளில் உங்கள் விடை சரி. நடுவே ஒரு பிரின்ட்எஃப் ஓடினால் மிச்சம் மாறுகிறது, விடையும் மாறுகிறது. ஆப்டிமைசேஷன் மாறினாலும் இதே கதை.

லூப்புக்குள் அறிவித்த மாறியிலும் இது ஒளிந்திருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த மாறி புதிதாகப் பிறக்கிறது. ஆனால் பெரும்பாலும் அதே இடம்தான் கிடைக்கும் என்பதால், போன சுற்றின் மதிப்பு தற்செயலாக அப்படியே இருக்கும். "எண்ணிக்கை ஒழுங்காக ஏறுகிறதே" என்று நம்பிவிடுவீர்கள். அந்த நம்பிக்கைக்கு மொழி எந்த உத்தரவாதமும் தரவில்லை.

ஸ்விட்ச் பிளாக்கில் இன்னொரு கண்ணி. ஸ்விட்ச்சின் திறப்புக் குறிக்கும் முதல் கேஸுக்கும் நடுவே "இன்ட் விலை = 5" என்று எழுதினால், பெயர் எல்லா கேஸிலும் செல்லும், ஆனால் 5 வைக்கும் வேலை நடக்கவே நடக்காது. கட்டுப்பாடு அந்த வரியைத் தாண்டி நேராகக் கேஸுக்குக் குதித்துவிடுகிறது. பெயர் இருக்கிறது, இடமும் இருக்கிறது, மதிப்பு மட்டும் இல்லை.

கண்டுபிடிக்க, நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கருவியான வால்கிரைண்டில் நிரலை ஓட்டுங்கள். மதிப்பு பெறாத இடத்தை நம்பி நிரல் ஒரு முடிவெடுத்த உடனே, எந்த வரியில் என்று சொல்லும். அதற்கு, வரி எண்களையும் சேர்க்கும் "ஜி" விருப்பத்தைக் கொடுத்துக் கம்பைல் செய்திருக்க வேண்டும். சரிசெய்ய, அறிவிக்கும் வரியிலேயே மதிப்பையும் கொடுத்துவிடுங்கள். அங்கே கொடுக்க மதிப்பு எதுவும் கையில் இல்லையென்றால், மாறியை மிகவும் சீக்கிரமாக அறிவித்துவிட்டீர்கள். மதிப்பு கிடைக்கும் வரிக்கு அதை இறக்குங்கள்.

ஃபங்ஷன் திருப்பி அனுப்பிய பெயர் சிதைந்து வருகிறது

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் பெயரைத் திருப்பும் ஒரு ஃபங்ஷன். உள்ளே 50 எழுத்துக்கு ஓர் அரே அறிவித்து, அதில் பெயரை நிரப்பி, அரேயைத் திருப்பி அனுப்புகிறீர்கள். மெயினில் அச்சிட்டால் சில நேரம் பெயர் வருகிறது, சில நேரம் பாதி வருகிறது, சில நேரம் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிரலே விழுகிறது.

திரும்பி வந்தது அரே அல்ல, அதன் முகவரி மட்டுமே. ஃபங்ஷன் முடிந்தபோது அரேயின் ஆயுளும் முடிந்தது. காலி செய்த வீட்டின் முகவரி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்து யாரும் குடிவராதவரை பழைய சாமான் அங்கே அப்படியே கிடக்கலாம், அதனால்தான் சில நேரம் பெயர் சரியாக வருகிறது. அடுத்த ஃபங்ஷனை அழைத்ததும் அது அதே இடத்தில் தன் சாமானை இறக்குகிறது. அச்சிடும் பிரின்ட்எஃப்பும் ஒரு ஃபங்ஷன்தானே, அதுவே இடத்தைக் கலைத்துவிடும்.

லோக்கல் மாறியின் முகவரியை நேரடியாகத் திருப்பினால் ஜிசிசி தானாகவே எச்சரிக்கும். புதிய பதிப்புகள் பெரும்பாலும் அந்த முகவரிக்குப் பதில் எந்த இடத்தையும் குறிக்காத வெற்று பாயின்டரையே திருப்பிவிடுகின்றன. நிரல் உடனே விழும். எனக்கு இது நல்ல மாற்றமாகத் தெரிகிறது, ஆறு மாதம் கழித்து விழுவதைவிட இன்றே விழட்டும். ஆனால் முகவரியை முதலில் வேறொரு பாயின்டரில் போட்டு அதைத் திருப்பினால், அல்லது ஒரு ஸ்ட்ரக்சருக்குள் வைத்து அனுப்பினால், கம்பைலர் கண்ணில் படாமல் போகலாம். அப்போது உதவுவது, கம்பைலரோடு வரும் நினைவகச் சோதனைக் கருவியான அட்ரஸ் சானிடைசர். அதில் "திரும்பிய பின் ஸ்டாக் பயன்பாடு" என்ற சோதனையைச் சில கம்பைலர்களில் ஓட்டும்போது தனியாக இயக்க வேண்டியிருக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

சரி செய்ய மூன்று வழி, மூன்றுக்கும் விலை உண்டு.

அழைப்பவரே இடத்தை அறிவித்து, முகவரியையும் அளவையும் உள்ளே கொடுப்பது முதல் வழி. ஃபங்ஷன் நிரப்பிவிட்டுப் போகும். இடத்தின் ஆயுள் அழைப்பவரின் ஆயுள் என்பதால் சந்தேகத்துக்கே இடமில்லை. கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான். வேறு காரணம் இல்லாதபோது நான் இதைத்தான் எடுப்பேன்.

மாலாக் என்ற ஃபங்ஷன் மூலம், ஸ்டாக்குக்கு வெளியே ஹீப் என்ற நினைவகப் பகுதியில் இடம் வாங்கித் திருப்புவது இரண்டாவது. அந்த இடம் நீங்கள் ஃப்ரீ செய்யும்வரை, அதாவது திருப்பிக் கொடுக்கும்வரை வாழும். ஆனால் யார் ஃப்ரீ செய்வது என்பதை ஃபங்ஷனின் மேல் ஒரு குறிப்பாக எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள், அல்லது இருவர் செய்வார்கள்.

மூன்றாவது வழியைத்தான் அவசரத்தில் பலரும் செய்கிறோம்: அரேயின் முன்னால் "ஸ்டேடிக்" என்று சேர்ப்பது. பெயரின் வரையெல்லை அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்கும், இடமோ நிரல் முடியும்வரை வாழும். வரையெல்லையும் ஆயுளும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி சி மொழியில் இல்லை. 1960ஆம் ஆண்டின் ஆல்கால் மொழியிலேயே "ஓன்" என்ற சொல்லோடு இந்த வசதி இருந்தது. இந்த வழியில் சிதைவு நிற்கும், ஆனால் அடுத்த நோய் தொடங்கும்.

எல்லா உறுப்பினருக்கும் கடைசிப் பெயரே வருகிறது

100 பேரைப் படித்தீர்கள். பட்டியலை அச்சிட்டால் 100 வரியிலும் கடைசியாகப் படித்த பெயர்.

இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதன் முகவரியை 100 முறை சேமித்திருக்கிறீர்கள். மேலே சொன்ன ஸ்டேடிக் அரே இதைச் செய்யும். மெயினில் ஒரே அரேயில் பெயரைப் படித்து, ஒவ்வொரு உறுப்பினரின் பாயின்டரையும் அதை நோக்கித் திருப்பினாலும் இதே விளைவுதான். ஒவ்வொரு பெயருக்கும் தனி இடம் கொடுத்து, முகவரிக்குப் பதில் எழுத்துகளை நகலெடுங்கள். ஸ்ட்ரக்சருக்குள்ளேயே எழுத்து அரே வைத்துவிட்டால் ஸ்ட்ரக்சர் பிறக்கும்போதே இடமும் பிறந்துவிடும்.

சி நூலகத்துக்குள்ளேயே இந்தக் குணம் கொண்ட ஃபங்ஷன்கள் இருக்கின்றன. நேரத்தை எழுத்தாக்கும் "சிடைம்" பொதுவாக ஒரே ஸ்டேடிக் இடத்தைத்தான் திருப்புகிறது. காலை நேரத்தையும் மாலை நேரத்தையும் ஒரே பிரின்ட்எஃப்பில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றாகவே வரும். வரியைத் துண்டாக்கும் "எஸ்டிஆர்டோக்" எங்கே நிறுத்தினோம் என்பதை உள்ளே நினைவில் வைத்திருக்கிறது. வரிகளைப் பிரிக்கும் லூப்புக்குள் சொற்களைப் பிரிக்க அதையே மறுபடி அழைத்தால் வெளி லூப் பாதியில் நின்றுவிடும். லினக்ஸிலும் போசிக்ஸ் தரத்தைப் பின்பற்றும் மற்ற இயங்குதளங்களிலும் "எஸ்டிஆர்டோக்_ஆர்" இருக்கிறது. நினைவில் வைக்கும் இடத்தை நீங்களே கொடுப்பதால் இந்தத் தொல்லை வராது.

முதல் முறை சரி, இரண்டாம் முறை அழைத்தால் கூடுதலாக வருகிறது

நாள் மொத்தம் போடும் ஃபங்ஷனுக்குள் "ஸ்டேடிக்" மொத்தம். தொடக்க மதிப்பு பூஜ்ஜியம் என்று எழுதியிருப்பதைக் காட்டி, ஒவ்வொரு அழைப்பிலும் பூஜ்ஜியத்திலிருந்துதானே தொடங்க வேண்டும் என்று கேட்பார்கள். ஸ்டேடிக் மாறிக்கு அந்த மதிப்பு நிரல் தொடங்கும் முன் ஒரே முறை வைக்கப்படுகிறது. நேற்றைய 40 லிட்டர் இன்றைக்கும் அங்கேயே இருக்கும், அதன் மேல்தான் இன்றையது ஏறும். ஒவ்வொரு நாளும் புதிதாக வேண்டுமென்றால் ஸ்டேடிக்கை எடுங்கள். சேர்ந்துகொண்டே போவதுதான் நோக்கம் என்றால் அது இருக்கட்டும்.

தன்னையே அழைக்கும் ஃபங்ஷனில் ஸ்டேடிக் மாறி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். சாதாரண லோக்கல் மாறிக்கு ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு தனிப் பிரதி கிடைக்கும், ஸ்டேடிக்குக்கு மொத்தத்துக்கும் ஒன்றுதான்.

ஒரு ஃபைலில் மாற்றினேன், இன்னொரு ஃபைலில் தெரியவில்லை

நிரலை இரண்டு மூன்று ஃபைலாகப் பிரித்ததும் இது வரும். எல்லா ஃபைலும் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் ஃபைலில் "ஸ்டேடிக் இன்ட் மொத்தம்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஃபங்ஷனுக்கு வெளியே வரும் ஸ்டேடிக்குக்கு வேறு அர்த்தம்: பெயரை இந்த ஃபைலுக்குள் அடக்கு. ஹெடரைச் சேர்த்த ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தமாக ஒரு மொத்தம் கிடைத்துவிடுகிறது. ஒன்றில் ஏற்றினால் மற்றதில் எப்படித் தெரியும்? ஒரே சொல்லுக்கு உள்ளே ஆயுள் பொருளும் வெளியே வரையெல்லைப் பொருளும் இருப்பது சி மொழியின் குறை என்றுதான் நான் நினைக்கிறேன். கற்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஸ்டேடிக்கை எடுத்துவிட்டு ஹெடரில் வெறும் "இன்ட் மொத்தம்" என்று எழுதினால், கம்பைல் ஆன ஃபைல்களை இணைக்கும் லிங்கர் "மல்டிப்பிள் டெஃபினிஷன்" என்று நிறுத்தும். பழைய கம்பைலரில் ஓடியது இப்போது ஓடவில்லை என்றால் காரணம் இருக்கிறது. 2020இல் வந்த ஜிசிசி 10க்கு முன்பு, மதிப்பு தராத குளோபல் மாறி ஒரே பெயரில் பல ஃபைலில் இருந்தால் சத்தமில்லாமல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஜிசிசி 10 அந்த இயல்பை மாற்றியது. சரியான முறை: ஹெடரில் "எக்ஸ்டர்ன் இன்ட் மொத்தம்", ஏதேனும் ஒரே ஒரு சி ஃபைலில் "இன்ட் மொத்தம் = 0". எக்ஸ்டர்ன் மட்டும் இருந்து அந்த ஒரு ஃபைலை மறந்தால் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வரும்.

மெயினில் நுழைந்ததுமே விழுகிறது

பெரிய அரே இருக்கிறதா? 30 லட்சம் இன்ட், தலா 4 பைட் என்றால் 1 கோடியே 20 லட்சம் பைட். லினக்ஸில் ஸ்டாக்குக்கு வழக்கமாகக் கிடைப்பது 8 எம்பி, விண்டோஸில் பொதுவாக 1 எம்பி. லோக்கலாக அறிவித்தால் இடம் போதாது. மாலாக்கில் வாங்குங்கள்.

நிரல் ஓட ஓட மெமரி ஏறிக்கொண்டே போகிறது

காலி வீட்டு முகவரியின் நேர் எதிர்ப்பக்கம் இது. மாலாக்கில் வாங்கிய இடத்தின் ஒரே முகவரியை ஒரு லோக்கல் பாயின்டரில் வைத்திருந்தீர்கள். ஃபங்ஷன் முடிந்ததும் பாயின்டர் போய்விட்டது, இடம் போகவில்லை. வீடு இருக்கிறது, முகவரி எழுதிய சீட்டு தொலைந்துவிட்டது. வால்கிரைண்டை லீக் சோதனையோடு ஓட்டினால், எந்த வரியில் வாங்கிய இடம் தொலைந்தது என்று காட்டும். ஃப்ரீ செய்யப் போகும் இடத்துக்கு வேறு பாயின்டர் எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ செய்த பிறகு அதன் வழியாக எழுதினால் மீண்டும் பழைய சிதைவுக்கே போவீர்கள்.

மேலே உள்ள எதிலும் அடங்கவில்லை

சந்தேகப்படும் மாறியின் முகவரியை இரண்டு இடத்தில் அச்சிடுங்கள், பிரின்ட்எஃப்பில் சதவீதக் குறியும் பி எழுத்தும். ஒரே மாறி என்று நினைத்த இரண்டுக்கும் வேறு முகவரி வந்தால் மறைப்போ நகலோ நடந்திருக்கிறது. வேறு என்று நினைத்தவற்றுக்கு ஒரே முகவரி வந்தால், பல பேர் ஓர் இடத்தைப் பங்கு போடுகிறார்கள்.

அதுவும் போதாவிட்டால், நிரலை நிறுத்தி நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கரான ஜிடிபி. மாறியின் மேல் "வாட்ச்" வைத்து ஓட்டினால், மதிப்பு மாறும் ஒவ்வொரு வரியிலும் நிற்கும். லோக்கல் மாறியாக இருந்தால் பிளாக் முடிந்ததும், அந்தப் பெயர் செல்லும் பிளாக்கைவிட்டு நிரல் வெளியேறியதால் கண்காணிப்பை நீக்குகிறேன் என்று சொல்லிவிட்டு நிற்கும். அப்புறம் "வாட்ச்" கட்டளையோடு "-எல்" சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். இம்முறை ஜிடிபி பெயரை விட்டுவிட்டு அந்த முகவரியைக் கண்காணிக்கும். உங்கள் ஃபங்ஷன் முடிந்த பின்னும் காத்திருந்து, அந்த இடத்தில் முதலில் எழுதும் வேறொரு ஃபங்ஷனின் வரியில் கொண்டுபோய் நிறுத்தும்.